ஆரியசாலைக் கொசுறு

கரமனை வெங்கடகிருஷ்ணன் ஆரியசாலை வன்னியபெருமாளிடம் நாற்பதாயிரம் ரூபாய் கடன் வாங்கியிருந்தார். நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி. பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. பத்திரம் எழுதி வாங்குகிறவர்களை வன்னியபெருமாளுக்குக் கண்டாலே இளப்பம். ஆளை எடைபோடத் தெரியாதவன்தான் பேப்பரை நம்புவான் என்பார். முப்பது வருஷத்தில் அவர் கொடுத்த கடன் ஒன்றுகூடத் திரும்பாமல் போனதில்லை. திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக் கடைத்தெருவில் வேறு எந்த மொத்த வியாபாரியும் நெஞ்சில் கைவைத்து அப்படிச் சொல்ல முடியாது.

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து மூன்றாம் வகுப்பைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவர் அவர். மூட்டை தூக்கினார், மூட்டை தைத்தார், மூட்டைமேல் படுத்தார். பிறகு மூட்டைக்குச் சொந்தக்காரரானார். மிளகு, ஏலம், சுக்கு, பெருங்காயம் என்று மலைச்சரக்கும் பலசரக்கும் அவர் கடையிலிருந்து நெடுமங்காடு வரைக்கும் போகும், அந்தப் பக்கம் பாறசாலை வரைக்கும் போகும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எதற்கு இருக்கிறார்கள்? சம்பளத்துக்கு வைத்துக்கொள்வதற்கு. வெங்கடகிருஷ்ணன் அப்படிச் சம்பளத்துக்கு வந்த கணக்குப்பிள்ளைதான். பி.காம். படித்தவர். மாதக் கடைசியில் மூன்றாம் வகுப்புக்காரர் முன்னால் சம்பளத்துக்கு நிற்பார். இதை நினைக்கும்போதெல்லாம் வன்னியபெருமாளுக்கு நெஞ்சுக்குள் நல்ல பெருங்காய வாசனை அடிக்கும்.

அவர் கடை எழும்பியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று, கொசுறு. மற்றக் கடைக்காரன் தராசு முள் நின்றவுடன் கையை இழுத்துக்கொள்வான். ஒரு மிளகு கூடிவிட்டால் அதையும் பொறுக்கி எடுப்பான். வன்னியபெருமாள் கடையில் அப்படியில்லை. முள் நின்ற பிறகு, விலை சொல்லியான பிறகு, மேலே ஒரு பிடி விழும். அதற்குக் கணக்கு இல்லை, காசு இல்லை. அந்த ஒரு பிடிக்காகவே சின்னக் கடைக்காரர்கள் மற்ற ஏழு கடையைத் தாண்டி இங்கே வந்தார்கள். எலெக்ட்ரானிக் தராசு வந்தபோதும் அவர் அதை விடவில்லை. பச்சை எண் நின்றதும் ஒரு பிடி. சரக்கு எடுக்கிறவன் கையில் அது ஊறிப்போயிருக்க வேண்டும், யோசித்துப் போடுகிறவன் பிச்சை போடுகிறவன் என்று சொல்லுவார்.

அப்படி ஊறிப்போன கை இசக்கியின் கை. ராதாபுரத்துக்காரன். இருபத்தைந்து வருஷம் தராசடியில் நின்றவன். ஏலக்காயைக் கண்ணால் பார்த்தே இத்தனை கிராம் என்று அள்ளுவான். அவனைப்பற்றிப் பின்னால் வரும்.

இரண்டாயிரத்து ஒன்றில் வெங்கடகிருஷ்ணன் மனைவி சிவகாமியம்மாளுக்கு இருதயத்தில் ஆபரேஷன். அதற்குத்தான் அந்த நாற்பதாயிரம். அம்மாள் பிழைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் வெங்கடகிருஷ்ணன் போய்விட்டார். சடங்கெல்லாம் முடிந்த பிறகு வன்னியபெருமாள் பஸ் ஏறிக் கரமனைக்குப் போனார். கடன் கேட்கப் போகவில்லை. கடன் யார் தலையில் என்று தெரிந்துகொள்ளப் போனார்.

மகன் சேஷன் கதவைத் திறந்தான். இருபத்தாறு வயது, மூக்குக்கண்ணாடி, ஊதினால் ஜன்னல் வழியே பறந்துவிடுகிற உடம்பு. அப்பா வாங்கினது என் பேர்ல வந்தாச்சு, நான் குடுத்துடறேன் முதலாளி, என்றான். அதுவரை சரி. அந்த வீட்டில் கடனுக்குக் கையை விரிக்கிறவர்கள் கிடையாது என்று வன்னியபெருமாளுக்குத் தெரியும். பிறகுதான் என்ன உத்தியோகம் என்று கேட்டார்.

ஆராய்ச்சி என்றான். ஸ்ரீகாரியம் தாண்டி ஒரு ஆராய்ச்சிக்கூடம். சர்க்கார் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது, ஐந்து வருஷத்துக்கு. படித்து முடித்தவனுக்கு மறுபடியும் படிக்கச் சர்க்கார் காசு கொடுக்கிறது என்பதே வன்னியபெருமாளுக்குப் புதுச்செய்தி. எதை ஆராய்ச்சி பண்ணுகிறாய் என்று கேட்டார். சேஷனுக்கு இந்தக் கேள்வி என்றால் உயிர். உட்காரவைத்துச் சொன்னான்.

கால்குலேட்டரிலும் கைக்கடிகாரத்திலும் கறுப்பாக எண் தெரிகிறதே, அதற்குள்ளே இருப்பது ஒரு திரவம். திரவப் படிகம் என்று பெயர். எண்ணெய் மாதிரி ஓடும். ஆனால் அதற்குள் இருக்கிற அணுக்கட்டுகள் எல்லாம் தீப்பெட்டிக்குள் குச்சிபோல ஒரே திசை பார்த்து வரிசையாக நிற்கும். கண்ணுக்குக் கஞ்சித்தண்ணி மாதிரிக் கலங்கலாக இருக்கும். சூடு ஏற்றினால் ஒரு கட்டத்தில் வரிசை கலைந்து தெளிந்த எண்ணெயாகிவிடும். இரண்டு கண்ணாடித் தகடுக்கு நடுவே அதை அடைத்து மின்சாரம் கொடுத்தால் குச்சியெல்லாம் திரும்பும். திரும்பினால் வெளிச்சம் மறைபடும். அதுதான் அந்த எண்.

சேஷன் செய்வது என்னவென்றால், அந்தத் திரவத்தில் ஒரு வெள்ளைப் பொடியைக் கலப்பது. பேரியம் டைட்டனேட் என்று அதற்கு ஒரு வாயில் நுழையாத பெயர். அது சாதாரணப் பொடியல்ல. ஒரு மிளகின் அகலத்துக்கு அந்தப் பொடியின் துகளை வரிசையாக நிறுத்தினால் லட்சம் துகள் நிற்கும். நானோ என்றான். அதில் துளியூண்டு போட்டால் போதும், திரவத்தின் குணமே மாறிவிடும். முன்னைவிடக் குறைந்த மின்சாரத்துக்கே குச்சிகள் திரும்பும். முன்னைவிட அதிகச் சூட்டையும் வரிசை கலையாமல் தாங்கும்.

வன்னியபெருமாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுக்குத்தானா சர்க்காரு காசு குடுக்கு? சாம்பார்ல காயம் போடுற சங்கதிய எங்க வீட்டுக்காரிகிட்டக் கேட்டா காசில்லாமச் சொல்லுவாளே, சாமி."

சேஷன் சிரித்தான். சிவகாமியம்மாள் உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்து வைத்தார். காப்பி நன்றாக இருந்தது என்பதையும் வன்னியபெருமாள் மனதில் குறித்துக்கொண்டார். கடன்காரர் வீட்டில் காப்பி நன்றாக இருந்தால் யோசிக்க வேண்டியதுதான்.

மாதாமாதம் அறுநூறு ரூபாய் வட்டி வந்துகொண்டிருந்தது. முதல் வரவில்லை. முதலை எப்போது கொடுப்பாய் என்று கேட்டால், பட்டம் வாங்கினதும் பெங்களூரில் டிஸ்ப்ளே கம்பெனியில் வேலை கிடைக்கும், கிடைத்ததும் கொடுக்கிறேன் என்பான். பட்டம் எப்போது என்றால், கலவை சரியாக வந்ததும் என்பான். ஆக, வன்னியபெருமாளுடைய நாற்பதாயிரமும், அவருடைய முப்பது வருஷப் பெருமையும், மிளகில் லட்சத்தில் ஒரு பங்கு பொடியில் தொங்கிக்கொண்டிருந்தன. இந்த மாதிரி ஈடு வைத்துக் கடன் கொடுத்தவன் சாலையில் வேறு யாரும் கிடையாது.

அவர் சும்மா இருக்கிற ஆளா? ஆராய்ச்சிக்கூடத்துக் காண்டீன் எடுத்து நடத்துகிறவன் அவர் கடையில்தான் சரக்கு எடுத்தான், பாக்கியும் வைத்திருந்தான். அவனைப் பிடித்து இசக்கியை ஆராய்ச்சிக்கூடத்திலேயே கான்டிராக்டில் ஹெல்ப்பராகச் சேர்த்துவிட்டார். பாட்டில் கழுவ, சாமான் எடுத்துவைக்க ஒரு ஆள் அவர்களுக்கும் வேண்டியிருந்தது. கடையில் எலெக்ட்ரானிக் தராசு வந்த பிறகு இசக்கிக்கு வேலை குறைந்துதான் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கடைக்கு வந்து சேஷன் என்ன செய்கிறான், எப்போது முடியும் என்று சொல்ல வேண்டும். இதுதான் ஏற்பாடு. பாங்க் என்றால் மேனேஜரை அனுப்பும், டவாலிச் சேவகனை அனுப்பும். வன்னியபெருமாள் தன் கடையிலேயே நல்ல கையை அனுப்பினார்.

இசக்கி கொண்டுவந்த செய்திகளைக் கேட்டு வன்னியபெருமாளுக்கு வயிறு எரியும், வாய் சிரிக்கும். அங்கே மனுஷனுக்கு ஃபேன், எண்ணெய்க்கு ஏ.சி. செருப்பை வெளியே கழற்ற வேண்டும், கையில் நீல உறை போட வேண்டும். கண்ணாடித் தகட்டை வெல்வெட் துணியால் ஒரே பக்கமாகத் தேய்க்கிறார்கள். அப்படித் தேய்த்தால்தான் குச்சிகள் அந்தப் பக்கமாக வரிசை பிடிக்குமாம். பொடி ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அதற்கு ஒரு எண்ணெயைப் பூசி, பாட்டிலைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, காதுக்குக் கேட்காத சத்தத்தால் மணிக்கணக்கில் குலுக்குகிறார்கள். சாலையில் நகைக்கடைக்காரன் தோடு கழுவ வைத்திருக்கிற அதே தொட்டிதான் மொதலாளி, என்றான் இசக்கி. வன்னியபெருமாள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். தோடாவது பளபளக்கும்.

இரண்டாயிரத்து நாலில் ஒரு நல்ல செய்தி வந்தது. கலவை சரியாக வந்துவிட்டது. சேஷன் சொன்னது அத்தனையும் நடந்தது; குறைந்த மின்சாரத்தில் திரும்பியது, கூடுதல் சூட்டைத் தாங்கியது. அவனுக்கு மேலே இருக்கிற ஸ்வப்னா மேடம் பார்த்துவிட்டு, நன்று, இதையே மறுபடியும் செய்து காட்டு, ஒரு தடவை நடந்தது கணக்கில் சேராது, நாலைந்து தடவை நடக்க வேண்டும் என்றார். அதில் தப்பில்லை. ஒரே ஒரு நாள் வியாபாரத்தை வைத்துக் கடை வாங்க முடியாது என்று வன்னியபெருமாளும் ஒப்புக்கொண்டார். படித்தவர்களில் அந்த அம்மாள் கொஞ்சம் தேவலை என்றும் நினைத்தார்.

அந்த ஆவணி அவிட்டத்தன்று சேஷன் கரமனையாற்றுப் படித்துறையில் பாசி வழுக்கி விழுந்தான். வலது மணிக்கட்டு ஒடிந்தது. ஆற்றில் நீந்தி ஒடித்துக்கொண்டாலும் ஆம்பிளை என்று சொல்லலாம், பூணூல் மாற்றப் போன இடத்தில் படியில் ஒடித்துக்கொண்டு வந்திருக்கிறார் டாக்டர் சாமி என்று வன்னியபெருமாள் கடையில் எல்லோரும் கேட்கச் சொன்னார்.

மாவுக்கட்டுப் போட்ட கையால் பொடியை நிறுக்க முடியாது. இடது கை நடுங்குகிறது. அந்தத் தராசோ மூச்சு விட்டால் ஆடுகிற தராசு. கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது. யார் கை நடுங்காது என்று பார்த்தபோது பக்கத்தில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்த இசக்கி கண்ணில் பட்டான். இசக்கி கரண்டியை எடுத்தான். கரண்டி என்றால் காது குடைகிற அளவுக் கரண்டி. முதல் தடவையிலேயே வேண்டிய எண்ணில் தராசை நிறுத்திக் காட்டினான். சேஷனுக்குத் தலைகால் புரியவில்லை. மாவுக்கட்டு பிரித்த பிறகும், மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக ஒட்டிக்கொண்டதனால், நிறுக்கிற வேலை இசக்கியிடமே நின்றுவிட்டது. வன்னியபெருமாள் இதைக் கேட்டு மீசையை நீவிக்கொண்டார். சர்க்கார் காசில் ஐந்து வருஷம் படித்தவனுக்கு நிறுக்க ஆரியசாலைக் கைதான் வேண்டியிருக்கிறது.

அன்றிலிருந்து கலவை ஒன்றுகூடச் சரியாக வரவில்லை.

செப்டம்பரில் வரவில்லை. ஐப்பசித் துலாமழையில் வரவில்லை. கிறிஸ்துமஸ் கழிந்தும் வரவில்லை. வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை இசக்கி வந்து படியில் உட்கார்ந்து சொல்லுவான்: "மொதலாளி, இந்த ஆழ்ச்சையும் சங்கதி ஓடல்ல. சாமி நிறைய விஷமிச்சுப் போச்சு, முகத்தப் பாக்கச் சகிக்கல்ல, கேட்டேளா."

மேடம் முதலில் பொறுமையாக இருந்தார். பிறகு, முதல் தடவை வந்ததே, அது நிஜமாகவே வந்ததா என்று கேட்கத் தொடங்கினார். கேட்டது அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்விக்கு அர்த்தம் என்ன என்று மூட்டை தூக்குகிறவனுக்கும் தெரியும். இரண்டாயிரத்து ஐந்து பிறந்ததும், ஐந்து வருஷக் கெடு முடிந்து, உதவித்தொகை நின்றது. அதோடு வட்டியும் நின்றது.

இனி இசக்கியை நம்பிப் பலனில்லை என்று வன்னியபெருமாள் ஜூன் மாதத்தில் ஒரு நாள் நேரே ஆராய்ச்சிக்கூடத்துக்கே போனார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார், கோயிலுக்குப் பிறகு அவர் செருப்பைக் கழற்றிய இடம் அது ஒன்றுதான். அந்தக் கோபத்தோடு உள்ளே போனார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும், அத்தனை பேர் முன்னாலும் கேட்க வேண்டும் என்றுதான் போனார். ஆனால் சேஷனைப் பார்த்ததும் கேட்கவில்லை. அவன் பாதியாகியிருந்தான். அடிக்கிறதற்கும் உடம்பில் கொஞ்சம் சதை வேண்டாமா?

சேஷன் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, பூதக்கண்ணாடி மெஷினில் கண்ணை வைக்கச் சொன்னான். முதலில் ஒரு தகட்டைக் காட்டினான். போன வருஷம் சரியாக வந்தது. திருவிழாப் பந்தல் மாதிரி ஒரே சீரான நிறம். பிறகு நேற்றுச் செய்ததைக் காட்டினான். நிறம் கிழிந்து கிழிந்து கிடந்தது. நடுவே கறுப்புக் கறுப்பாகக் குவியல். நனைந்த உப்புமூட்டையில் கட்டி விழுந்த மாதிரி. பொடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டது, ஒட்டிய இடத்தில் குச்சிகளின் வரிசை உடைந்துவிட்டது, இதற்குப் பொடியே போடாமல் இருந்தால் தேவலை என்று சேஷன் சொன்னான்.

எதனால் ஒட்டுகிறது என்று கேட்டார் வன்னியபெருமாள்.

"பொடி கூடினா இப்படித்தான் ஆகும், முதலாளி. துளி கூடினாலே போறும், ஒண்ணை ஒண்ணு இழுத்துண்டு கட்டியாயிடும். ஆனா நான் கூடப் போடலையே. ஒவ்வொரு தடவையும் அதே எடைதான். என் கண்ணால பார்த்து எழுதறேன். பொடி கெட்டுப்போச்சா, பூசற எண்ணெய் கெட்டுப்போச்சா, இந்த மழை ஈரமான்னு ஒண்ணும் தெரியலை."

"எழுதி வச்சிருக்கீராக்கும்," என்றார் வன்னியபெருமாள். எழுத்தைப்பற்றி அவர் வைத்திருந்த மரியாதை முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

சேஷன் அடுத்த கலவைக்கு ஆயத்தம் செய்தான். இசக்கி முதலாளியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தராசுக் கூண்டைத் திறந்தான். கரண்டியால் பொடியை எடுத்து ஒரு சின்னக் காகிதத்தில் இட்டான். எண் ஓடியது, குறைந்தது, நின்றது. சேஷன் குனிந்து பார்த்து, திரும்பி மேஜைக்குப் போய் எழுதினான். இசக்கி காகிதத்தை வெளியே எடுத்துப் பொடியைக் குப்பியில் கொட்டினான். கொட்டிவிட்டு, கரண்டியைப் பொடிப் பாட்டிலில் ஒரு தொடு தொட்டு, நுனியில் ஒட்டியதைக் குப்பியின் வாயில் ஒரு தட்டுத் தட்டினான். எண் நின்ற பிறகு. கணக்கு எழுதியான பிறகு. அவன் அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. வன்னியபெருமாளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

வன்னியபெருமாளுக்கு முதலில் வந்தது பெருமைதான். இருபத்தைந்து வருஷம் சோறு போட்ட கை, ஏ.சி. அறைக்குள் வந்தும் கடைமரபு மறக்கவில்லை. சபாஷ் என்று சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டார். பிறகு வாயை மூடினார்.

நிறுத்தது எவ்வளவு, தட்டியது எவ்வளவு? மூட்டை மிளகில் ஒரு பிடி என்றால் ஒன்றுமில்லை. இங்கே நிறுத்ததே கரண்டி நுனி அளவு. மேலே விழுந்ததும் கரண்டி நுனி அளவு. இது கொசுறு இல்லை, இன்னொரு மூட்டை. பத்து மாதமாக ஒவ்வொரு குப்பியிலும் இன்னொரு மூட்டை விழுந்துகொண்டிருக்கிறது.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்ல நாக்கு வரவில்லை. யாரிடம் சொல்வது? செருப்பைக் கழற்றவைத்தவர்களிடமா? எதைச் சொல்வது? என் கடைக் கொசுறுதான் உம்முடைய பட்டத்தைக் கெடுத்தது என்றா? சாலை முழுக்க எந்தக் கொசுறின் பேரால் தலை நிமிர்ந்து நடந்தாரோ, அதை ஒரு நீல உறைக்காரர் கூட்டத்தின் முன்னால் குற்றம் என்று வைப்பதா? ஒரு சிட்டிகையைத் தாங்காத சரக்கு என்ன சரக்கு என்று நினைத்துக்கொண்டார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். தம்பானூரில் இறங்கியபோதும் மனசு ஒப்பவில்லை.

மறுநாளே இசக்கியைக் கடைக்குத் திரும்ப வரச் சொல்லி ஆளனுப்பினார். காரணம் சொல்லவில்லை. சேஷன் கரமனையிலிருந்து ஓடி வந்தான். இசக்கி அண்ணாச்சி கைமாதிரி ஒரு கை கிடையாது, இன்னும் ஒரு மாசம் விடுங்கோ என்று கெஞ்சினான்.

"எங்க கடைக்கு ஆள் வேணும், சாமி," என்றார் வன்னியபெருமாள். "பத்து வருசம் படிச்ச படிப்புல ஒரு நுள்ளு பொடி நிறுக்கக்கூடவா சொல்லித்தரல்ல? கோணக் கையானாலும் சொந்தக் கையால நிறும்."

சேஷன் முகம் சிவந்து போய்விட்டான். அந்தச் சிவப்பு வேண்டும் என்றுதான் அவர் சொன்னது. வேறு எப்படிச் சொன்னாலும் அவன் இன்னொரு ஹெல்ப்பரைத் தேடியிருப்பான். இசக்கியோ, நான் என்ன தப்புச் செய்தேன் மொதலாளி என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் திரிந்தான். ஒரு தப்பும் இல்லடா, தராசடியில் போய் நில் என்று சொல்லிவிட்டார். அவனிடம் அவர் கடைசிவரை சொல்லவே இல்லை. அந்தக் கையில் ஒரு தடவை சந்தேகம் ஏறிவிட்டால் பிறகு அது எதற்கும் உதவாது.

சேஷன் கோணக் கையால் நிறுத்தான். சிந்தினான், மறுபடி நிறுத்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தான். ஓணம் வருவதற்குள் கலவை சரியாக வந்தது. ஒன்றல்ல, தொடர்ந்து வந்தது. மேடம் கை குலுக்கினாராம். பட்டத்துக்கு எழுதிக் கொடுத்தான், பெங்களூரில் வேலையும் கிடைத்தது. செய்தி சொல்ல வந்த சிவகாமியம்மாள் ஒரு தூக்கில் பால்பாயசம் கொண்டுவந்தார். கடைப்பையன்களெல்லாம் குடித்தார்கள். வன்னியபெருமாள் ஒரு டம்ளர் வாங்கி, பாதியை வைத்துவிட்டார்.

இரண்டாயிரத்து ஆறு கடைசியில், பெங்களூர்ச் சம்பளத்தில் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறி, சேஷன் கடைக்கு வந்தான். பின்னால் இசக்கி தராசடியில் நின்று சுக்கு அள்ளிக்கொண்டிருந்தான். சேஷன் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்க் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். முதல் நாற்பதாயிரம், நின்றுபோன வட்டி முழுவதும் மாதத்துக்கு மாதம் கணக்குப் பார்த்து. பைசா குறையவில்லை. வெங்கடகிருஷ்ணன் மகனல்லவா.

வன்னியபெருமாள் விரலை நனைத்து எண்ணினார். சரியாக இருந்தது. முப்பது வருஷப் பெருமை, அப்பழுக்கில்லாமல், மேஜைமேல் இருந்தது. எடுத்துப் பெட்டிக்குள் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டிருந்தால் இந்த உலகத்தில் ஒரு ஆளுக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

பேச்சுக்கு, கடைசியில் என்னதான் கோளாறு என்று கண்டுபிடித்தீர்களா என்று கேட்டார்.

சேஷன் உற்சாகமாகச் சொன்னான். மழைதான். திருவனந்தபுரத்தில் இரண்டு மழைக்காலமும் அந்தப் பத்து மாதத்துக்குள் வந்துவிட்டது. காற்றில் இருந்த ஈரம் பொடியைக் கட்டியாக்கிவிட்டது என்று பட்டத்துக்கு எழுதிய புத்தகத்தில் ஒரு அதிகாரமே எழுதிவிட்டான். மேடமும் ஒப்புக்கொண்டார், பரீட்சித்துப் பார்த்த பெரியவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

வன்னியபெருமாள் அவனை மேலும் கீழுமாகப் பார்த்தார். படித்தவர்கள் நாலு பேர் கூடி, வானத்திலிருந்து பெய்கிற மழையின் தலையில் ஒரு தப்பை எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். நாற்பது வருஷம் மிளகைக் காயவைத்தவர் அவர். மழை என்ன செய்யும், என்ன செய்யாது என்று அவருக்குத் தெரியும். பொய்க்கணக்கு எழுதினவனைக் கடையில் நிற்கவிட்டதில்லை. இப்போது அந்தப் பொய்க்கணக்கின் வட்டி அவர் மேஜைமேலேயே இருக்கிறது.

"மழையுமில்ல, மண்ணுமில்ல வோய்," என்றார். குரலைத் தாழ்த்தினார், இசக்கி காதில் விழாத அளவுக்கு. "நீரு எண்ணப் பாத்து எழுதத் திரும்புவீரு. அவன் அந்தப் பக்கம் கொசுறு போடுவான். என் கடைப் பழக்கம். ஒவ்வொரு குப்பியிலயும் போட்டிருக்கான். நான் என் கண்ணால பாத்தேன்."

 சேஷன் பின்னால் திரும்பிப் பார்த்தான். இசக்கி தராசில் எண் நின்றதும் ஒரு பிடி சுக்கை அள்ளி மேலே போட்டு, மூட்டையை நகர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தான். சேஷன் அதைப் பார்த்தான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மறுபடி மாட்டினான். திட்டுவான் என்று எதிர்பார்த்தால், அவன் கேட்டது வேறு.

"எவ்வளவு போட்டிருப்பார், முதலாளி? ஒரு உத்தேசமாச் சொல்லுங்கோ. அது தெரிஞ்சா அந்தப் பத்து மாசமும் வீணில்லை. பொடி கூடினா என்ன ஆகும்கிறதுக்கு அதுவும் ஒரு கணக்குதான், அல்லே?"

"கொசுறுக்குக் கணக்கு வைக்கிறவன் கொசுறு போடமாட்டான்," என்றார் வன்னியபெருமாள். இந்த ஜென்மங்களைத் திருத்த முடியாது என்று அன்றைக்கு அவருக்கு நிச்சயமாகிவிட்டது. பத்து மாதம் அன்னம் தண்ணி இல்லாமல் அலைந்தவன், அலையவைத்தது யார் என்று தெரிந்ததும் எத்தனை மில்லிகிராம் என்று கேட்கிறான்.

முதலை எடுத்துப் பெட்டியில் போட்டார். வட்டியில் பத்து மாதத்தை விட்டு மற்ற மாதங்களுக்கு உரியதையும் போட்டார். மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டார்.

"இந்தப் பத்து மாசத்து வட்டி எனக்கு வேண்டாம். என் கடைக் கையால வந்த நஷ்டத்துக்கு உம்மகிட்ட வட்டி வாங்குனா எனக்கும் பாங்க்காரனுக்கும் என்ன வித்தியாசம்? கைய நீட்டும்."

வேண்டாம் முதலாளி என்று சேஷன் ஒரு தடவை சொன்னான். இரண்டாவது தடவை சொல்ல விடவில்லை அவர். "நான் தானம் பண்ணல்ல. தானத்துக்கு உங்க தெருவுல ஆயிரம் பேரு இருக்காங்க. கணக்கு முடிக்கேன். நீட்டும்."

சேஷன் வலது கையை நீட்டினான். மணிக்கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. உள்ளங்கை விரிந்தது. வன்னியபெருமாள் ஐந்நூறு ரூபாய் நோட்டை ஒவ்வொன்றாக, சத்தமாக எண்ணி வைத்தார். பதினொன்று. பன்னிரண்டு. பன்னிரண்டு வைத்தானதும், பழக்கத்தில், விரல்கள் பெட்டிக்குள் போய் இன்னொரு நோட்டைத் தொட்டன. தொட்டதை அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்கையை வெளியே எடுத்தார்.